எரிந்த நாளேடும் எஞ்சிய பக்கங்களும்

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமை பற்றி எழுதாதவர் நம்மிடையே அரியர். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு தொடங்கிய பொலிசாரின் வெறியாட்டத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதே நாட்களில், அந்நகரின் நாளேடான 'ஈழநாடு' பத்திரிகையின் காரியாலயமும் தீக்கிரையாயிற்று. முன்னதைக் குறித்துக் கவிதைகளும் கட்டுரைகளும் குவிந்துள்ளன. பின்னது பெரும்பாலும் ஒரு வாக்கியத்துடன் முடிந்துவிடுகிறது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. ஏட்டுச்சுவடியைப் பூசைக்குரிய பொருளாகவும், நேற்றைய பத்திரிகையைக் கடலை சுற்றும் தாளாகவும் கருதும் மனப்பாங்கு நம் கல்விமான்களிடம் ஆழ வேரூன்றியிருப்பதன் விளைவே இது.

யாழ்ப்பாணத்துக்கு இதழியல் புதிதன்று. 1841 இல் அமெரிக்க மிஷனரிமார் 'உதயதாரகை'யை வெளியிட்டனர். 1889 இல் 'இந்து சாதனம்' தோன்றியது. ஆயின் இவை சமயப் பணியை முன்னிட்டு எழுந்தவை. அன்றாடச் செய்திக்கு வடபுல வாசகர் கொழும்பையே எதிர்பார்த்திருந்தனர். 'வீரகேசரி' 1930 இலும் 'தினகரன்' 1932 இலும் பிறந்தது அங்கேதான். இந்நிலையில், கே. சி. தங்கராசா, கே. சி. சண்முகரத்தினம் ஆகிய சகோதரர்கள் 1959 இல் தொடங்கிய 'ஈழநாடு', பின்னர் நாளேடாக வளர்ந்து, தலைநகருக்கு வெளியேயும் ஒரு தினசரி நிலைக்க முடியும் என்பதை நிறுவியது. கே. பி. ஹரன் நெடுங்காலம் அதன் ஆசிரியராயிருந்தார். அதன் வாரமலரில் எழுதிப் பழகிய சிறுகதையாசிரியர் பலர்.

அது நமது ஏடன்று என்பதையும் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். வணிக முயற்சியாகத் தோன்றிய பத்திரிகை அது. தொழிலாளரின் குரலைத் தேடுவோர் 'தேசாபிமானி'யையும் 'தொழிலாளி'யையும் நாடினர். அவ்வாறாயின் அதன் பழைய பக்கங்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என முற்போக்கு நண்பர் சிலர் வினவக்கூடும். இவ்வினாவில் ஒரு சோம்பல் மறைந்திருக்கிறது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தை நம் பிரசுரங்கள் எவ்வாறு போற்றின என்பது நாம் அறிந்ததே. அதே வாரத்தில் நகரத்து நடுத்தர வர்க்கம் காலைத் தேநீருடன் எதைப் படித்தது? 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் நின்றபோது, அச்செய்திக்கு எந்தப் பக்கத்தில், எத்தனை அங்குலம் கிடைத்தது? அதனருகே எவருடைய விளம்பரம் இருந்தது? எதிர்ப்பின் வரலாற்றை எதிர்த்தவரின் ஏடுகளைக்கொண்டு மாத்திரம் எழுதினால் அது பாதி வரலாறாகவே அமையும்.

இத்தகைய வினாக்களுக்கு விடை தேடுவோன் முன்பு கொழும்புக்குச் செல்ல வேண்டியிருந்தது. வெளியீட்டாளர் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டுமென்பது காலனித்துவ காலச் சட்டம். கண்காணிப்பதற்கு உதவிய ஏற்பாடு பின்னர் காப்பதற்கும் உதவியது வரலாற்றின் விநோதந்தான். ஆனால் 1990 முதல் 2002 வரை ஏ-9 வீதி மூடியிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மாணவனுக்குத் தன் சொந்த ஊரின் பத்திரிகை எட்டாப் பொருளாயிற்று.

2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. தன்னார்வலர் உழைப்பையும் நன்கொடைகளையும் நம்பி வளர்ந்த இம்முயற்சியால், ஈழத்து நூல்கள், சஞ்சிகைகளுடன் 'ஈழநாடு' இதழ்கள் பலவும் இன்று யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசும் பல்கலைக்கழகங்களும் முதலில் செய்திருக்க வேண்டிய பணி இது, அவர்கள் செய்யவில்லை. 1998 இல் ஆரம்பித்த மதுரைத் திட்டம் பெரும்பாலும் இலக்கிய நூல்களையே மின்வடிவாக்கியதை நோக்க, நூலகம் செய்தித்தாளுக்கும் இடமளித்தமை துணிவான தீர்மானம் என்றே கொள்ள வேண்டும்.

எனினும் பாராட்டோடு நின்றுவிடல் விமர்சனமாகாது. பக்கத்தைப் படமாக்குவது வேறு. அப்பக்கத்தைப் படிக்கத்தக்கதாக்குவது வேறு. செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்யப்படுவது. அதிலுள்ள அமிலம் அதனை மஞ்சளாக்கி, ஈற்றில் மடித்த இடத்திலேயே முறித்துவிடும். படமெடுத்தல் இவ்வழிவிலிருந்து உருவத்தைக் காக்கிறது. ஆயினும் கணினிக்கு அப்படம் எழுத்தன்று, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளே. ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்துப் பக்கங்களில் எழுத்து உடைந்திருக்கும், மை கசிந்திருக்கும். னை, லை போன்றவை தும்பிக்கைக் கொம்புடன் பழைய வடிவில் நிற்கும். இவற்றை இயந்திரம் பிழையாகப் படிக்கும். ஆகவே 'வேலைநிறுத்தம்' என்று தேடுபவனுக்கு வேலைநிறுத்தமே நிகழாத ஒரு நாடு காட்சியளிக்கலாம்! திகதியை முன்னரே அறிந்தவனுக்குத்தான் ஏடு திறக்கிறது. அறியாத மாணவனுக்கோ, கதவு திறந்திருந்தும் உள்ளே விளக்கில்லை.

இக்குறையை நன்கொடை மாத்திரம் தீர்க்காது; பொருளடைவு தயாரிக்கும் மனித உழைப்பு வேண்டும். ஒரு பாடசாலையின் உயர்தர வகுப்பு ஒரு மாத இதழ்களை எடுத்துக்கொண்டு தலைப்பு, பக்கம், இடம், பெயர் என்பவற்றைக் குறித்தால், ஒரு தவணைக்குள் அம்மாதம் முழுவதும் தேடத்தக்கதாகிவிடும். செய்திகளோடு மரண அறிவித்தல், பொருள் விலை, திரைப்பட விளம்பரம், காணி விற்பனை எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். தலையங்கத்தில் மறைக்கப்பட்ட சாதியும் வர்க்கமும் சிறு விளம்பரத்தில் வெளிப்படையாகப் பேசும்.

மற்றொன்று, இதழ்த் தொகுதிகளில் இடைவெளிகள் உண்டு. அவற்றை நிரப்பக்கூடிய தாள்கள் இன்னும் கிராமத்து வீடுகளின் பெட்டகங்களின் அடியில், பட்டுச் சேலைக்குக் கீழ் விரிப்பாகக் கிடக்கலாம். ஆசிரியர்கள் மாணவரிடம் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது, முழுத்தாளாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். தமக்கு விருப்பமான கதையை மட்டும் வெட்டி ஒட்டி, திகதியைக் கத்தரிக்கோலுக்கு இரையாக்கிய அன்பர்களின் துணுக்குப் புத்தகங்கள் ஏற்கனவே ஏராளம்.