இஷாப்பூர் எஃகு: ஒரு வதந்தியின் விலை

பல வருஷங்களுக்கு முன்னால் ப்ராஜெக்ட் வேலையாக ஒஹையோவில் ஆறு மாதம் இருந்தேன். கூட வேலை பார்த்த அமெரிக்க நண்பர் ஒரு சனிக்கிழமை "கன் ஷோ பார்த்திருக்கியா?" என்று கேட்டு அழைத்துப் போனார். நம்ம ஊர்ப் பொருட்காட்சி மாதிரி பெரிய ஹால், வரிசையாக மேஜைகள். ஒரு மூலை முழுக்கப் பழைய ராணுவ ரைஃபிள்கள். சோவியத் மோசின்-நாகாந்த், ஜெர்மன் மவுசர், பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு. ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இரும்பில் அசோகச் சின்னம். அதன் கீழே ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகள், 1967 என்ற வருஷம்.

மேஜைக்காரர் நல்ல மனுஷர். "அதை வாங்கிச் சுட்டுடாதீங்க, இந்தியன் ஸ்டீல். .308 தோட்டா போட்டால் மூஞ்சியிலேயே வெடிக்கும்" என்றார். பக்கத்தில் அதைப் போலப் பல மடங்கு விலையில் ஓர் அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு 1903. "இது?" என்றேன். "இதையும் சுடக்கூடாது. நம்பர் குறைஞ்ச ரிசீவர், உடையும். ஆனா கலெக்டர் பீஸ்!"

இரண்டையும் சுடக்கூடாது. ஒன்று அதனால் மலிவு. இன்னொன்று அப்படி இருந்தும் விலை உயர்ந்தது. இந்த முரண்பாடு மண்டையில் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பிய பிறகும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் துப்பாக்கி கிடையாது, வாங்கும் ஆசையும் கிடையாது.

முதலில் அந்த ரைஃபிள் என்னவென்று பார்ப்போம். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி கரையில் இஷாப்பூர். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே அங்கே ரைஃபிள் ஃபேக்டரி இருக்கிறது. நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன்களில் பார்த்த 'த்ரீ நாட் த்ரீ' அங்கேயும் தயாரானதுதான். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் 7.62 நேட்டோ தோட்டாவில் சுடும் எஸ்.எல்.ஆருக்கு வேகமாக மாற வேண்டியிருந்தது. எல்லோருக்கும் உடனே எஸ்.எல்.ஆர். தர முடியாது. அதனால் பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்திலேயே, புதிய தோட்டாவுக்கு ஏற்றபடி ஒரு ரைஃபிள் செய்தார்கள். அதுதான் 2ஏ. குறிபார்க்கும் அளவுகோலை 2000 மீட்டரிலிருந்து 800 மீட்டராகக் குறைத்ததும் 2ஏ1 ஆனது. மேகசின் சதுரமாக இருக்கும், 12 தோட்டா கொள்ளும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பழைய .303ஐக் குடைந்து மாற்றியது இல்லை, 7.62க்காகவே புதிதாகச் செய்தது. வதந்தியில் முதல் ஓட்டை இங்கேதான். "பழைய துப்பாக்கியில் புதிய தோட்டா" என்றுதான் பாதிப்பேர் ஆரம்பிக்கிறார்கள்.

சேகரிப்பாளர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் ஒரு துப்பாக்கியைப் பார்க்கும் விதம் பிரமாதம். குழலின் வாயில் ஒரு தோட்டாவைத் தலைகீழாகச் செருகி, எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று பார்த்தே தேய்மானத்தைச் சொல்கிறார்கள். போல்ட் மூடும்போது தோட்டாவுக்கு எவ்வளவு இடைவெளி என்று கேஜ் வைத்து அளக்கிறார்கள். ரிசீவரிலும் போல்ட்டிலும் ஒரே எண் இருக்கிறதா, மரம் மாற்றப்பட்டதா, முத்திரையைச் சுரண்டியிருக்கிறார்களா... எங்கள் கோட் ரிவ்யூவில் இந்தப் பொறுமையில் பாதி இருந்தால் போதும்.

ஆனால் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் இரண்டு வேறு கேள்விகளை ஒரே தட்டில் போட்டு நிறுக்கிறார்கள். ஒன்று, இது நல்ல துப்பாக்கியா? குழல், போல்ட், எஃகு, இடைவெளி இதற்குப் பதில் சொல்லும். இன்னொன்று, இதற்கு என்ன விலை? அரிதா, எண்கள் பொருந்துகின்றனவா, பின்னால் என்ன கதை, இதெல்லாம் அங்கே வரும். இரண்டையும் கலந்தால், கதை நன்றாக இருந்தால் தரமும் நன்று, விலை மலிவாக இருந்தால் தரமும் மட்டம் என்றாகிவிடுகிறது.

.308 விஷயத்துக்கு வருவோம். 7.62 நேட்டோவும் .308 வின்செஸ்டரும் வெளியளவில் கிட்டத்தட்ட ஒன்றே. ராணுவத் தோட்டாவின் அழுத்தம் 50,000 பி.எஸ்.ஐ., கடையில் விற்கும் .308க்கு 62,000, அதனால் 2ஏ1 தாங்காது என்பதுதான் வாதம். பார்த்தால் 12,000 வித்தியாசம், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே முறையில் அளந்தவை இல்லை. பழைய முறையில் ஒரு சின்னச் செப்பு உருளையை வைத்துச் சுடுவார்கள். அது எவ்வளவு நசுங்கியது என்பதை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடுவார்கள். புதிய முறையில் பீசோ சென்சார். அதே .308க்கு அமெரிக்கத் தோட்டாத் தொழில் வைத்திருக்கும் உச்ச வரம்பு சென்சார் கணக்கில் 62,000, செப்புக் கணக்கில் 52,000. ராணுவக் கையேட்டின் 50,000 செப்புக் கணக்கில் வந்தது, ஆனால் பி.எஸ்.ஐ. என்று அச்சாகியிருக்கிறது. ஒரே முறையில் ஒப்பிட்டால் 12,000 என்பது 2,000 ஆகிவிடும். எங்கள் தொழிலில் இதற்கு யூனிட் பக் என்று பெயர். மீட்டரையும் அடியையும் கழித்துப் பார்த்த கதை.

இதைப் படித்துவிட்டு யாரும் கண்ட தோட்டாவைப் போட வேண்டாம். ராணுவ அறைகளை .308 அறையைவிடக் கொஞ்சம் நீளமாகக் குடைவது வழக்கம். ஐம்பது வருஷம் ஓடிய இயந்திரத்தைக் கேஜ் வைத்து அளக்காமல் நம்பக்கூடாது. நான் சொல்வது, சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்டிய அந்தக் கழித்தல் கணக்கு தப்பு என்பதை மட்டும்தான்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பிரிட்டன் தன் லீ-என்ஃபீல்டை 7.62க்கு மாற்றியபோது எடுத்தது கனமான நம்பர் 4 வகையை. எல்42ஏ1 ஸ்னைப்பர் ரைஃபிள் அப்படி வந்ததுதான். இஷாப்பூர் எடுத்ததோ அதற்கு முந்தைய நம்பர் 1 வடிவத்தை. அதனால் "தாங்குமா?" என்று கேட்பது சரியான கேள்வி. ஆனால் அது வடிவமைப்பைப் பற்றிய கேள்வி. "இந்தியன் ஸ்டீல்" என்பது கேள்வியே இல்லை, தீர்ப்பு.

இப்போது அந்த ஸ்பிரிங்ஃபீல்டு. அதன் குறை வதந்தி இல்லை, பதிவான விஷயம். முதல் உலகப் போர்க் காலத்தில் சில ரிசீவர்கள் உடைந்தன. விசாரித்தபோது, எஃகைச் சூடாக்கும் தொழிலாளர்கள் அது பழுத்த நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தை முடிவு செய்தார்கள் என்று தெரிந்தது. வெயில் பளிச்சென்று அடிக்கிற நாளில் பழுத்த இரும்பு மங்கலாகத் தெரியும். அதனால் தேவைக்கு மேல் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடேற்றி எஃகைக் கருக்கிவிட்டார்கள். ஜூலியன் ஹாட்சர் என்ற ராணுவ அதிகாரி 1947இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8 லட்சத்துக்குக் கீழே எண் உள்ளவை சந்தேகத்துக்குரியவை என்று இன்றுவரை எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஆலை, எண், காரணம் எல்லாம் இருக்கிறது. அப்படியும் யாரும் "அமெரிக்கன் ஸ்டீல்" என்று சொல்வதில்லை. ஒரு காலகட்டத்தின் தவறு என்கிறார்கள். அது நியாயமான அணுகுமுறை. அதே நியாயம் இஷாப்பூருக்கு ஏன் இல்லை? எந்த வருஷம், எந்த எண் வரிசை, எந்த வெப்பமூட்டல் தவறு என்று கேட்டால் பதிலாக வருவது "கேள்விப்பட்டேன்" மட்டும்தான்.

என் பக்கத்தையும் சோதிக்க வேண்டும். அசோகச் சின்னத்தைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்தது உண்மை. 2ஏ1க்கு ஆதரவாக எழுதியவர்களைத் தேடித் தேடிப் படித்தேன். எல்லோரும் "எஃகின் தரம் உயர்த்தப்பட்டது" என்கிறார்கள். பெரும்பாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து எழுதியது, ஆவணம் எதையும் காட்டுவதில்லை. ஆதாரமில்லாத வசவுக்கு ஆதாரமில்லாத புகழ் பதிலாகாது. மர வேலையிலும் மெருகிலும் 2ஏ1 முரடுதான், அதை நானே தொட்டுப் பார்த்தேன். போருக்கு முந்தைய ஜெர்மன் மவுசரின் பக்கத்தில் வைத்தால் மறைக்க முடியாது. ஆனால் மெருகு வேறு, உறுதி வேறு. 1942இல் சோவியத் ஆலைகளில் வந்த மோசின்களின் மேற்பரப்பில் கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். அதை "போர்க்கால அவசரம்" என்று காதலோடு சொல்கிறார்கள். இஷாப்பூர் கோடுகளுக்கு அந்தக் காதல் கிடைக்கவில்லை.

"சரி, யாரோ அமெரிக்காவில் விலை குறைத்துச் சொன்னால் உனக்கென்ன?" என்று கேட்கலாம். எனக்கென்ன என்றால், விலைதான் ஒரு பொருள் பிழைக்குமா என்பதை முடிவு செய்கிறது.

1968 சட்டம் அமெரிக்காவுக்குள் ராணுவ உபரித் துப்பாக்கிகள் வருவதை அடைத்தது. எண்பதுகளின் நடுவில் பழம்பொருள் என்ற வகையில் கதவு மீண்டும் திறந்தது, கப்பல் கப்பலாக வந்து இறங்கின. மலிவாக வந்ததை மனுஷன் மதிக்க மாட்டான். 2ஏ1 பலவற்றின் குழலை அறுத்து, முனையில் கூம்பு மாட்டி, "ஜங்கிள் கார்பைன்" என்று விற்றார்கள். அப்படி ஒரு ரைஃபிள் எந்த ராணுவத்திலும் இருந்ததில்லை. விலை போகும் கதைக்காக நிஜமான பொருளை வெட்டினார்கள். அதற்கு முந்தைய தலைமுறை ஸ்பிரிங்ஃபீல்டையும் என்ஃபீல்டையும் இப்படித்தான் வேட்டைத் துப்பாக்கியாக அறுத்தது. இன்று சேகரிப்பாளர்கள் அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

பழுது பார்த்த துப்பாக்கிகளுக்கும் இதே கதிதான். முன்கட்டையை இறுக்க இஷாப்பூரில் குறுக்கே ஒரு திருகு போடுவார்கள். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் செய்த ரைஃபிள்களில்கூட அதைப் பார்க்கலாம், இந்தியாவில் வேலை பார்த்ததன் அடையாளம். சந்தை அதைக் குறை என்று எழுதிக் கழிக்கிறது. தொடப்படாததுதான் உசத்தி என்று விலை வைத்தால், தொடப்படாதது மாதிரி காட்டுகிறவன்தான் பிழைப்பான். இறக்குமதி முத்திரையை ராவி எடுப்பதும் போல்ட்டில் புது எண் பொறிப்பதும் அப்படி வந்தவைதான்.

நம் நாட்டில் ராணுவ ரைஃபிளைத் தனியார் இப்படி வாங்கிச் சேர்க்க முடியாது, முடிய வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் அதனால் ஒன்று நடக்கிறது. 1967இல் ஹூக்ளி கரையில் யாரோ ஒரு ஃபிட்டர் அரம் போட்டுப் பொருத்திய வேலையைக் கையில் எடுத்துப் பரிசோதிக்கிறவர் ஒஹையோவில் இருக்கிறார். அவர் எழுதுவதுதான் பதிவு. அவர் "இந்தியன் ஸ்டீல்" என்று எழுதினால் அதுதான் நிற்கும்.

அதனால் சேகரிப்பாளர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தரத்துக்கு ஒரு பத்தி, விலைக்கு ஒரு பத்தி, தனித்தனியாக எழுதுங்கள். தரத்துக்கான பத்தியில் நாட்டின் பெயர் வேண்டாம். கேஜ் என்ன காட்டியது, குழல் எப்படி இருந்தது, எண்கள் என்ன, அது போதும்.

அன்று கிளம்பும் முன் அந்த ரைஃபிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். போல்ட் கைப்பிடியில் ஓர் எண், ரிசீவரில் ஓர் எண். இரண்டும் ஒன்றேதான். மேஜைக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அட, இதை நான் கவனிக்கவே இல்லையே" என்றார்.