ஒரே ஒரு பிரதிமத்யமம்

மார்கழியில் உறையூருக்கு விடிகாலை அமைதி கிடையாது. ஐந்து மணிக்கே ஒலிபெருக்கிகள் எழுந்துவிடும். போன டிசம்பரில் அதிலிருந்து தப்பிக்க இயர்போனை மாட்டிக்கொண்டு நான் கேட்டது மோர்டன் லாரிட்சனின் ‘ஓ மாக்னம் மிஸ்டீரியம்’. ஆறேழு நிமிடம், வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்கள். 1994 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் மாஸ்டர் கொரால் முதன்முதலில் பாடியது. இன்று உலகமெங்கும் கிறிஸ்துமஸுக்குப் பாடுகிறார்கள்.

சொற்கள் பழைய லத்தீன் வழிபாட்டிலிருந்து வந்தவை. தொழுவத்தில் கிடக்கும் குழந்தையை விலங்குகள் பார்த்தன, அதுதான் பெரிய மர்மம் என்கிறது பாட்டு. பிறகு அந்தத் தாயைப் பாக்கியவதி என்கிறது. அவ்வளவுதான்.

கர்னாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் ஒரு தடுமாற்றம். ஆதார சட்ஜம் எங்கே? கீழ்க்குரல் சட்ஜத்தில் உட்காராமல் காந்தாரத்தில் தொடங்குகிறது. தம்பூரா இல்லாத கச்சேரி மாதிரி எல்லாம் அந்தரத்தில் மிதக்கிறது. ஸ்வரங்கள் நமக்குத் தெரிந்தவைதான், சங்கராபரணத்து ஸ்வரங்கள். சுத்த மத்யமம். இனிமை, மேலும் இனிமை. உண்மையைச் சொன்னால் மூன்றாவது நிமிடத்தில் எனக்குச் சலித்துவிட்டது. இதே வரிகளுக்கு 1952-இல் புலான்க் போட்ட இசையில் ஓர் இருட்டு இருக்கிறது. லாரிட்சனின் தொழுவத்திலோ சாணி வாசனையே இல்லை, பளிங்குத் தரை. எங்கள் ஊர் வெக்காளியம்மன் தன் மக்கள் எல்லாருக்கும் வீடு கிடைக்கும்வரை தனக்குக் கூரை வேண்டாமென்று வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்கள். கூரையில்லாத தாயைத் தினமும் பார்க்கிறவனுக்கு இந்தச் சுத்தம் உறுத்தாதா?

அப்போதுதான் ‘கன்னி’ என்ற சொல் வந்தது. ஆல்ட்டோ குரலில் ஒரு பிரதிமத்யமம். கல்யாணியின் மத்யமம் சங்கராபரணத்துக்குள் எப்படி வந்தது? ஒரு கணம் எல்லாக் குரல்களோடும் உரசி நின்றது, பிறகு கரைந்துபோனது. பாட்டு முழுவதிலும் அந்த ஸ்தாயிக்கு அந்நியமான ஸ்வரம் இது ஒன்றுதான் என்று லாரிட்சனே எழுதியிருக்கிறார். மரியாளின் துயரத்துக்காக வைத்த ஸ்வரம். பிறந்த வீட்டிலேயே சாவு வீடும் கேட்கிறது. அதுவரை வந்த இனிமை இந்த ஒரு முள்ளுக்காகத்தானோ என்று திரும்ப முதலிலிருந்து கேட்டேன். ஆனால் முடிவில் வரும் அல்லேலூயா எனக்கு இன்னும் கொஞ்சம் நீளம்தான்.

அந்த ஸ்வரத்தை உச்சியில் பாடும் சொப்ரானோவுக்குக் கொடுத்திருந்தால் அது வெறும் அலறல். ஆல்ட்டோவுக்குக் கொடுத்ததில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் தெரு அக்கா ஒருவர் திருச்சி சர்ச் ஒன்றில் இருபது வருஷம் ஆல்ட்டோ பாடியவர். பாமாலை முழுக்க நாலு குரலில் அத்துப்படி. “ஆல்ட்டோன்னா சாப்பாட்டுல உப்புடா தம்பி. இருக்கிற வரைக்கும் யாரும் பேசமாட்டாங்க. ரெண்டு மூணு சுரத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வரணும். மெட்டு ஒருநாளும் எங்களுக்கு வராது” என்பார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் ஒரு இயர்போனை அவர் காதில் வைத்தேன், மற்றது என் காதில். அந்த இடம் வந்ததும் தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“திருப்பிப் போடு.”

மூன்று தடவை போட்டேன். நாலாவது தடவை இயர்போனைக் கழற்றிவிட்டு, அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் சரியாகப் பிடித்துப் பாடினார். சமையலறையில் அது ஒரு சாதாரண ஸ்வரமாக நின்றது. நல்ல ஸ்வரமாகக்கூட.

“தனியாப் பாடினா வலிக்கவே இல்லையேடா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ கீழ சா பிடி” என்றார்.