எரிகிற விளக்கு எதற்குச் சாட்சி?

காரின் டேஷ்போர்டில் கூடுதலாகப் பொருத்தப்படும் ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை இன்று ஒளிரும் ஸ்விட்சுகளே. ஸ்விட்சைப் போட்டதும் அதன் முகத்திலேயே சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு சிறு விளக்கு எரிகிறது. பார்ப்பதற்கு அழகாயிருக்கிறது. போட்டிருக்கிறோமா, அணைத்திருக்கிறோமா என்பதை இருட்டிலும் காட்டுகிறது. இவற்றோடு, 'நாம் சொன்ன வேலை நடக்கிறது' என்ற நிம்மதியையும் தருகிறது. முதல் இரண்டு நன்மைகளும் உண்மையானவை. மூன்றாவது பல வேளைகளில் பொய்யானது. எஞ்சினை இயக்கும் கணிப்பொறியோடு இந்த ஸ்விட்சை இணைக்கும்போது அந்தப் பொய் ஆபத்தாகவும் முடியும். ஏன் என்று காண்போம்.

எஞ்சினுக்குள் ஒரு கணக்கர்

கார்புரேட்டர் இல்லாத பெட்ரோல் வண்டிகளில், எவ்வளவு பெட்ரோலைத் தெளிப்பது, தீப்பொறியை எந்த நொடியில் உண்டாக்குவது என்பவற்றை ஒரு சிறு கணிப்பொறி கணக்கிடுகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு நீங்கள் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 700 மீட்டர் உயரம் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 8 விழுக்காடு குறைந்துவிடும். காற்று குறைந்தால் பெட்ரோலும் அதற்கேற்பக் குறைய வேண்டும். இந்தத் திருத்தத்தை நீங்கள் அறியாமலே கணிப்பொறி செய்துவிடுகிறது.

கார் நிறுவனம் வைத்த கணிப்பொறியை நீக்கிவிட்டு, அளவுகளை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய தனிக் கணிப்பொறியைப் பொருத்துவதும் உண்டு. பந்தயக் கார்களில் இது வழக்கம். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய 'மெகாஸ்குவர்ட்', பின்னர் வந்த 'ஸ்பீடுயினோ' ஆகியவை ஆர்வலர்கள் தாங்களே கூட்டிச் செய்யக்கூடிய வகைகள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துள்ள 'பார்முலா பாரத்' போட்டிகளுக்காகப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கொண்டு சிறு பந்தயக் கார்களை உருவாக்குகிறார்கள். அவர்களுக்கும் இத்தகைய கணிப்பொறிகள் பழக்கமானவை.

பொதுச்சாலையில் ஓடும் வண்டியில் மனம்போனபடி மாற்றங்கள் செய்ய 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருவதில்லை என்பதையும் இங்கேயே நினைவூட்டிவிடுகிறோம்.

இந்தக் கணிப்பொறிக்கு ஓட்டுநர் சில கட்டளைகளைத் தர வேண்டியிருக்கும். ரேடியேட்டர் விசிறியை உடனே சுழற்று, உயர்ரகப் பெட்ரோலுக்கான இரண்டாவது அட்டவணைக்கு மாறு, புறப்படும்போது எஞ்சின் வேகத்தை ஒரு வரம்புக்குள் பிடித்துவை என்பன போன்றவை அவை. இவற்றிற்காகத்தான் ஸ்விட்சுகள். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

பாடநூல் சுற்றும் கணிப்பொறிச் சுற்றும்

பள்ளியில் நாம் படித்த மின்சுற்றை நினைத்துப் பாருங்கள். ஒரு மின்கலம், ஒரு ஸ்விட்ச், ஒரு விளக்கு. ஸ்விட்சை மூடினால் மின்னோட்டம் பாய்கிறது, திறந்தால் நிற்கிறது. ஒளிரும் ஸ்விட்ச் இந்தச் சுற்றுக்காகவே செய்யப்பட்டது. அதன் பின்னால் மூன்று முனைகள் இருக்கும். ஒன்றில் பேட்டரியின் 12 வோல்ட், இன்னொன்றில் வேலை செய்யும் கருவி, மூன்றாவதில் எர்த். உள்ளேயிருக்கும் விளக்கு, கருவி முனைக்கும் எர்த் முனைக்கும் இடையில் அமைந்துள்ளது. பனிமூட்ட விளக்குக்கோ ஹாரனுக்கோ இது மிகப் பொருத்தம். குறை சொல்ல ஏதுமில்லை.

கணிப்பொறியின் உள்ளீட்டு முனையோ வேறு விதமானது. பல கணிப்பொறிகளில் அந்த முனை உள்ளேயிருக்கும் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. ஸ்விட்ச் திறந்திருந்தால் முனையில் 5 வோல்ட் நிற்கும். ஸ்விட்ச் மூடி முனையை எர்த்தோடு சேர்த்தால் 0 வோல்ட் ஆகும். 5 என்றால் 'இல்லை', 0 என்றால் 'ஆம்'. இங்கே ஸ்விட்ச் மின்சாரத்தைக் கொண்டு செல்வதில்லை, செய்தியைத்தான் சொல்கிறது. அணைத்த ஸ்விட்சில் மின்னழுத்தம் இருக்காது என்ற பழைய பாடம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. நம் பாடநூல்கள் முதல் வகைச் சுற்றை நன்றாகக் கற்பித்துவிட்டு, இரண்டாவதைத் தொடாமலே விட்டுவிடும் வழக்கம் உண்டு. ஸ்விட்சோடு வரும் துண்டுக் காகிதத்திலும் முதல் வகைப் படம்தான் இருக்கும். படத்தைப் பார்த்து அப்படியே ஒயரிங் செய்பவர் மீது குற்றமில்லை. ஆனால் விளைவு அவர் தலையில்தான் விடிகிறது.

மூன்று விதமான தவறுகள்

உள்ளேயுள்ள மின்தடை 4700 ஓம் என்று கொள்வோம். ஸ்விட்சின் கருவி முனையைக் கணிப்பொறிக்கும், மின்சாரம் வர வேண்டிய முனையை எர்த்துக்கும் இணைக்கிறோம். விளக்கின் எர்த் முனையும் எர்த்திலேயே இருக்கிறது.

முதலாவது, உள்ளே இருப்பது 1.2 வாட் இழை விளக்காயின், எரியாமல் குளிர்ந்திருக்கும் அதன் இழையின் தடை ஏறத்தாழ 12 ஓம்தான். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் கணிப்பொறியின் முனை அந்த இழை வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அங்கே 0.013 வோல்ட்தான் நிற்கும். கணிப்பொறி எப்போதும் 'ஆம்' என்றே படிக்கும். விளக்கோ ஒருபோதும் எரியாது. உயர்ரகப் பெட்ரோலுக்கான அட்டவணையை எண்ணி வைத்த ஸ்விட்ச் இதுவானால், சாதாரணப் பெட்ரோலிலும் தீப்பொறி முன்கூட்டியே உண்டாகும். எஞ்சின் தட்டும், நாளடைவில் பிஸ்டனே சேதமாகும்.

இரண்டாவது, விளக்கு எரியவில்லையே என்று அதன் எர்த் முனையை 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறார்கள். இப்போது ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது; எல்லாம் சரியென்று தோன்றுகிறது. ஆனால் ஸ்விட்சை அணைத்ததும், 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் முனைக்கு இழை வழியாக 12 வோல்ட் வந்து சேர்கிறது. சில கணிப்பொறிகள் இதைத் தாங்கும். தாங்காதவற்றில் உள்ளீட்டுப் பகுதி கெடலாம்.

மூன்றாவதுதான் மிகவும் ஏமாற்றுவது. விளக்கு ஒளியுமிழ் டயோடாக, அதாவது எல்.இ.டி.யாக இருந்து, அதனோடு 1000 ஓம் மின்தடையும் சேர்ந்து முதல் முறையில் இணைக்கப்பட்டால், ஸ்விட்ச் அணைந்த நிலையில் முனையில் 5 வோல்ட்டும் இராது, 0 வோல்ட்டும் இராது. சிவப்பு எல்.இ.டி.யானால் சுமார் 2.4 வோல்ட், நீலமானால் சுமார் 3.1 வோல்ட் நிற்கும். 5 வோல்ட்டில் இயங்கும் சீமாஸ் சில்லுகளுக்குப் பொதுவாக 1.5 வோல்ட்டுக்குக் கீழே ஒரு நிலை, 3.5 வோல்ட்டுக்கு மேலே மற்றொரு நிலை. இடைப்பட்டதை எப்படிப் படிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இன்று 'இல்லை' என்று படித்தது, வண்டி சூடானதும் 'ஆம்' என்று படிக்கலாம். விளக்கின் நிறத்தை மாற்றினால் எஞ்சினின் நடத்தையே மாறக்கூடும் என்றால் நம்ப முடிகிறதா?

மலைப்பாதையில் இதன் பொருள் என்ன? எஞ்சின் வேகத்தை வரம்புக்குள் பிடிக்கும் கட்டளை, கொண்டையூசி வளைவில் ஏறும்போது தானாகவே விழித்துக்கொண்டால், ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி திணறி நிற்கும். பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும். ஓட்டுநர் பெட்ரோல் பம்பைச் சந்தேகிப்பார், கணிப்பொறியைச் சந்தேகிப்பார். முகத்தில் விளக்கோடு அழகாக அமர்ந்திருக்கும் ஸ்விட்சை யாரும் சந்தேகிப்பதில்லை.

மேசையில் ஒரு சோதனை

இதைச் சோதிக்கக் கார் வேண்டியதில்லை. 5 வோல்ட் தரும் கைப்பேசி சார்ஜர், 4700 ஓம் மின்தடை ஒன்று, 1000 ஓம் மின்தடை ஒன்று, சிவப்பும் நீலமுமான இரு எல்.இ.டி.கள், ஒரு மல்ட்டிமீட்டர் இருந்தால் போதும். சார்ஜரின் நேர்முனையிலிருந்து 4700 ஓம், அடுத்து எல்.இ.டி., அடுத்து 1000 ஓம், பின் எதிர்முனை என்று வரிசையாக இணையுங்கள். 4700 ஓமும் எல்.இ.டி.யும் சேருமிடத்திற்கும் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்.இ.டி.யை மாற்றி மீண்டும் அளவுங்கள். அறையை இருட்டாக்கினால் எல்.இ.டி. மங்கலாக எரிவதும் தெரியும். அணைத்த ஸ்விட்ச் இரவில் மங்கலாக ஒளிர்ந்தால், அது அழகல்ல, எச்சரிக்கை.

செய்ய வேண்டியது

விளக்கின் இரு முனைகளும் தனியே வெளிவரும் ஸ்விட்சை வாங்குவதே நல்லது. இரட்டைத் தொடர்புள்ளதாக இருந்தால், ஒரு தொடர்பு கணிப்பொறிக்கு, மற்றது விளக்குக்கு என்று முழுவதும் பிரித்துவிடலாம்.

ஒற்றைத் தொடர்புதான் உள்ளதென்றால், விளக்கின் நேர்முனையை ஃபியூஸ் வழியாக 12 வோல்ட்டிலும், எதிர்முனையை ஸ்விட்சிலும் இணைத்து, கணிப்பொறிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு சிறு சிலிக்கான் டயோடை வையுங்கள். அதன் கோடிட்ட முனை ஸ்விட்சின் பக்கம் இருக்க வேண்டும். 12 வோல்ட் கணிப்பொறிக்குள் நுழையாது. ஸ்விட்சைப் போட்டால் முனையில் சுமார் 0.6 வோல்ட் நிற்கும். அது 'ஆம்' என்று படிக்கப் போதுமானது.

மூன்று முனை ஸ்விட்சையே வைத்துக்கொள்ள விரும்பினால், அது ஒரு சிறு ரிலேயை இயக்கட்டும். ரிலேயின் தொடர்பு கணிப்பொறியின் முனையை எர்த்தோடு சேர்க்கட்டும்.

இவை யாவும் கணிப்பொறியைக் காக்கும். ஆனால் விளக்கின் பொய்யைத் தீர்க்கமாட்டா. ஸ்விட்சிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் கம்பி அறுந்துபோனாலும், மேற்சொன்ன மூன்று முறைகளிலும் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டேயிருக்கும். விசிறி சுழல்கிறது என்று நம்பி நீங்கள் மலையேறுவீர்கள். ரேடியேட்டர் கொதித்த பிறகே உண்மை தெரியும்.

இது கார்ப் பட்டறையோடு நிற்கும் செய்தியன்று. 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையின் விளக்கு அணைந்துவிட்டது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வுக்குச் சென்ற மின்கட்டளையை மட்டுமே காட்டியது. விளக்கை நம்பிய பணியாளர்கள் வால்வு மூடிவிட்டதாகக் கருதினர். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் எரிபொருளில் ஒரு பகுதி உருகிப்போனது.

ஆகவே, ஒளிரும் ஸ்விட்ச் வேண்டாம் என்பதல்ல நம் முடிவு. விளக்கை ஸ்விட்ச் ஏற்றக் கூடாது. வேலையைச் செய்கிறவர் ஏற்ற வேண்டும். பெரும்பாலான தனிக் கணிப்பொறிகளில் பயன்படுத்தாத வெளியீட்டு முனைகள் இருக்கும். கட்டளை கிடைத்து அதை நிறைவேற்றத் தொடங்கியதும் அந்த முனை விளக்கை ஏற்றுமாறு எழுதிவிடலாம். விசிறியானால் அதற்குப் போகும் மின்சாரத்திலிருந்தே விளக்கை எடுப்பது இன்னும் மேல். இணைத்து முடித்தபின் கணிப்பொறிக்குச் செல்லும் கம்பியை ஒருமுறை கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால், அது உங்கள் விரலுக்குத்தான் சாட்சி, எஞ்சினுக்கு அல்ல.