பெயருக்குப் பொருள் சேர்த்தோம், செயலுக்கு?

சில வாரங்களாகப் பழைய டபிள்யூ3சி ஆவணங்களைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இணையச் சேவைகளுக்கு எந்திரம் புரிந்துகொள்ளும்படி பொருள் சேர்ப்பது பற்றியவை. "அதெல்லாம் செத்துப்போன விஷயமாச்சே" என்பார்கள். சாகவில்லை, வேறு பெயரில் வந்திருக்கு. அதனால்தான் இந்தக் குறிப்பு.

2001 மே மாத சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா மூவரும் எழுதிய கட்டுரைதான் இந்தக் கனவைப் பரவலாக்கியது. அம்மாவுக்கு பிசியோதெரபி ஏற்பாடு பண்ண வேண்டும். பிள்ளைகளின் மென்பொருள் முகவர்கள் தாங்களே சிகிச்சை மையங்களைத் தேடி, காப்பீடு பார்த்து, நேரம் குறிக்கும். இது நடக்க வேண்டுமென்றால், ஒரு சேவை என்ன செய்யும் என்பதை முன்பின் அறிமுகமில்லாத இன்னொரு மென்பொருள் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். அன்று இருந்த டபிள்யூஎஸ்டிஎல் அதைச் சொல்லாது. என்ன அனுப்பணும், என்ன திரும்பி வரும், எந்த முகவரி, அவ்வளவுதான். 'தொகை' என்று ஒரு எண் வந்தால் அது ரூபாயா டாலரா, வரி சேர்த்தா சேர்க்காமலா, தெரியாது.

2004இல் டபிள்யூ3சியிடம் சமர்ப்பிக்கப்பட்ட ஓடபிள்யூஎல்-எஸ் இந்த ஓட்டையை நேராகவே பார்த்தது. ஒவ்வொரு சேவைக்கும் நாலு விஷயம் சொல்லச் சொன்னது: உள்ளீடு, வெளியீடு, முன்நிபந்தனை, விளைவு. இதில் கடைசி இரண்டும்தான் உயிர்நாடி என்பது என் கட்சி.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இரண்டு ரயில் டிக்கெட் சேவைகள். இரண்டுமே ரயில் எண், தேதி, பயணி பெயர் கேட்கும். இரண்டுமே இருக்கை எண்ணைத் திருப்பித் தரும். ஒன்று பத்து நிமிடம் இருக்கையைப் பிடித்து வைக்கும். இன்னொன்று கார்டிலிருந்து பணத்தை எடுத்து டிக்கெட்டையே உறுதி செய்துவிடும். மாசிமோ பாவ்லூச்சி குழுவினர் 2002இல் முன்வைத்த பொருத்தமுறை, உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒப்பிட்டு 'முழுப் பொருத்தம்' முதல் 'பொருந்தவில்லை' வரை நாலு தரம் பிரிக்கும். அதில் இந்த இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். வித்தியாசம் விளைவில் இருக்கு. பணம் போவதும் அங்கேதான்.

அப்புறம் 2007 ஆகஸ்டில் எஸ்ஏடபிள்யூஎஸ்டிஎல், டபிள்யூ3சி பரிந்துரையாகவே வந்தது. இதன் அடக்கம் எனக்குப் பிடிக்கும். இருக்கிற டபிள்யூஎஸ்டிஎல் கோப்பில் மூன்றே பண்புகளைச் சேர்த்தால் போதும். இந்தப் புலத்துக்கு இதுதான் பொருள் என்று ஓர் ஆன்டாலஜியைச் சுட்டலாம். எந்த ஆன்டாலஜி மொழி என்று கட்டாயமும் இல்லை. 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது, ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் தந்ததை இன்னொன்று நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டதால். அது இணையச் சேவை இல்லைதான். ஆனால் அந்த மாதிரிக் குழப்பத்துக்கு இப்படிப்பட்ட குறிப்பு நல்ல மருந்து.

குறை எங்கே? இதற்கு முன்னோடியான டபிள்யூஎஸ்டிஎல்-எஸ்ஸில் முன்நிபந்தனைக்கும் விளைவுக்கும் தனி இடம் இருந்தது. பரிந்துரையாக வந்தபோது அந்த இடம் இல்லை. தரவின் பெயருக்குப் பொருள் கிடைத்தது, செயலுக்குக் கிடைக்கவில்லை.

ரெஸ்ட்டும் ஜேசனும் வந்து எல்லாவற்றையும் அடித்துப் போட்டுவிட்டன என்பது வழக்கமான விளக்கம். டபிள்யூஎஸ்டிஎல் ஏன் தோற்றது என்பதற்கு அது பதில். பின்னால் வந்த ஓப்பன்ஏபிஐயிலும் விளைவை எந்திரத்துக்குச் சொல்ல ஏன் முறையான இடம் இல்லை என்பதற்குப் பதில் இல்லை. காரணம் வேறு என்று நினைக்கிறேன். விளைவை எழுதுவது வாக்குறுதி கொடுப்பது மாதிரி. எழுதினால் பொறுப்பேற்கணும். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி நடத்திய யுடிடிஐ பொதுப் பதிவேடு 2006இல் மூடப்பட்டது. அதிலும் இருந்தது விற்பவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதுதான்.

இப்போது மொழி மாதிரிகள் காலம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், கருவி என்ன செய்யும் என்பதைச் சாதாரண வாக்கியத்தில் எழுதினால் மாதிரி படித்துக்கொள்ளும். 'விலை'யும் 'கட்டண'மும் ஒன்றா என்று ஆன்டாலஜிகள் மல்லுக்கட்டிய வேலை பெருமளவு சுலபமாகிவிட்டது. ஒப்புக்கொள்ளணும். ஆனால் விளைவு? 2025 திருத்தத்தில் வாசிக்க மட்டுமே, அழிக்கக்கூடியது என்ற மாதிரிச் சில குறிப்புகள் சேர்ந்தன. இவை வெறும் குறிப்புகள், நம்பகமில்லாத சர்வரிலிருந்து வந்தால் நம்பாதீர்கள் என்று நெறிமுறையே எச்சரிக்கிறது. நேர்மையான வாசகம். ஆனால் ஓடபிள்யூஎல்-எஸ்ஸின் நாலாவது கட்டம் இருபது வருஷம் கழித்து ஒரு துணுக்காகத்தான் திரும்பி வந்திருக்கு. இதற்குள் மென்பொருள் முகவர்கள் நிஜமாகவே நம் பெயரில் காரியம் செய்ய ஆரம்பித்துவிட்டன.

பெரிய தர்க்க மொழி எதுவும் வேண்டாம். நாலு கேள்விக்கு ஆமாம், இல்லை என்று எந்திரம் படிக்கும்படி பதில் இருந்தால் போதும். பணம் போகுமா? தகவல் அழியுமா? செய்ததைத் திரும்பப் பெற முடியுமா? என் விவரம் மூன்றாம் ஆளுக்குப் போகுமா? பதிலுக்குக் கீழே சேவை தருபவரின் மின்கையொப்பம். பதில் பொய்யானால் நஷ்டம் அவருடையது. இந்தக் கடைசி வரியைத்தான் இதுவரை எந்தத் தரமும் எழுதவில்லை. எழுதுகிற வரைக்கும், பணம் எடுக்கும் முன்னால் ஒரு மனிதரைக் கேட்பதே ஒழுங்கான வடிவமைப்பு.