சீட்டில் தோற்றவர்கள்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் விளையாட்டுகளில் மந்தை விலங்கு பெரும்பாலும் பின்னணிதான். சுமை தூக்கும், பசித்தால் கறியாகும். அமெரிக்கரான கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய குளோராந்தா உலகில் ஒரு மந்தை மட்டும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அதில் மேய்பவை மனித உடல்கள்.

பிராக்ஸ் என்ற வறண்ட மேய்ச்சல் நிலம் அது. 1977இல் ‘நோமட் காட்ஸ்’ என்ற பலகை விளையாட்டிலும், 1979இல் ரூன்குவெஸ்ட் விளையாட்டுக்கான ‘கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்’ நூலிலும் அதன் தொன்மங்கள் விரிகின்றன. பேரழிவுக்குப் பிறகு எல்லோருக்கும் உணவு போதாத நிலையில், வாஹா என்ற தெய்வம் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவருகிறான். மனிதரும் விலங்கும் சீட்டுப் போட வேண்டும். வென்றவர் மேய்ப்பர், தோற்றவர் அறிவை இழந்து புல் மேய வேண்டும். பைசன், இம்பாலா மான், நெடிய லாமா எல்லாம் தோற்றன. டேப்பிர் உருவம் கொண்ட மொரொகாந்த்கள் மட்டும் வென்றன. அவற்றிடம் தோற்றவர்களே ‘மந்தை மனிதர்கள்’.

மொரொகாந்த்கள் ஏமாற்றி வென்றதாக மற்ற இனங்கள் புலம்புகின்றன. தாங்கள் வென்றால் நியதி, மற்றவர் வென்றால் மோசடி! இந்தக் கற்பனையின் பலம் இங்கேதான் இருக்கிறது. யாருக்கு அறிவு உண்டு, யார் வெறும் உடல் என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை, ஒரு சீட்டு தீர்மானித்தது என்று அது சொல்லிவிடுகிறது. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட்டில் மனிதப் பாத்திரத்தின் அறிவே மூன்று பகடைகளை உருட்டிக் கிடைக்கும் எண்தான். ‘பெண்ணுக்கு இயல்பிலேயே இவ்வளவுதான்’ என்று கேட்டுச் சலித்த நமக்கு இதன் பொருள் உடனே புரியும்.

ஆனால் அதே தொன்மம் இன்னொரு கோட்டைக் கேள்வியின்றி விட்டுவிடுகிறது. மந்தைகளின் தாய் எய்ரிதா. அவள் மண்ணுக்கடியில் கிடக்க, மேலே குன்றுகள். அவளுடைய தலைமைக் கோயிலின் பெயருக்கே முலைகள் என்று பொருள். வாஹா அவள் மகன். அவனுடைய பட்டப்பெயர் கசாப்புக்காரன். விலங்கின் உயிர் தாயிடமே திரும்பும்படி அறுக்கும் சடங்கைக் கற்றுத்தந்தவன் அவன். அறுப்பவன் மகன், அறுபடுவது தாயின் பிள்ளைகள். வழக்கமாக ஆண்கள் அவனை வழிபடுகிறார்கள், பெண்கள் அவளை.

கரோல் ஆடம்ஸ் 1990இல் எழுதிய நூலில், ‘இறைச்சி’ என்ற சொல்லுக்குப் பின்னால் உயிருள்ள விலங்கு மறைந்துபோவதையும், பெண்ணுடல் அதேபோல் துண்டுகளாகப் பார்க்கப்படுவதையும் இணைத்துக் காட்டினார். எய்ரிதாவை அந்தப் பார்வையில் படிக்கிறேன். குன்று, முலை, பால், கறி என்று நிலமெங்கும் அவள் பரவியிருக்கிறாள். முழு ஆளாக அவளைச் சந்திப்பதுதான் கடினம்.

விளையாட்டுக்கு இவ்வளவு விமர்சனமா என்று கேட்கலாம். இது வேடிக்கை பார்க்கும் கதையன்று. ஆடுபவர் அந்த உலகின் சட்டத்தைத் தன் வாயால் பேசி, தன் கையால் நடத்துகிறார். அதனால்தான் அதை மாற்றவும் அவரால் முடியும். மனித உடல் புல் மேய்வதைக் கண்டு அதிர்கிறோம், சரி. ஆணுக்குக் கத்தியையும் பெண்ணுக்குக் கறவையையும் பிரித்துக் கொடுத்தபோது சீட்டுப் போட்டது யார்? பிராக்ஸில் ஆட உட்காரும் பெண் இந்தக் கேள்வியைத் தன் பாத்திரத்தின் வாயாலேயே கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியது மேசையில் இருக்கும் மற்றவர்கள்.