நார்மல் என்றொரு வாசிப்பு

படிமம் பற்றிப் பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவன் நான். மயிலாப்பூரில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில், மாமாவின் மூளைப் படிமத்தை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை. அறிக்கை 'நார்மல்' என்றது. தி.நகரில் பைக் மோதி விழுந்து பிழைத்து வந்த மாமா, கடைக் கணக்கைக் கூட்டத் தெரியாமல் நிற்கிறார். சின்ன விஷயத்துக்கும் கத்துகிறார். நஷ்டஈட்டு வழக்கில் காப்பீட்டுத் தரப்பு வக்கீல் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அத்தை சொன்னாள்: "படத்துல ஒண்ணும் இல்லன்றாங்க. வூட்ல பழைய ஆளே இல்லியேப்பா."

சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும் சில நிமிஷங்களில் காட்டிவிடும். உயிர் காக்க முதலில் வேண்டியது அதுதான். ஆனால் தலை குலுங்கிய வேகத்தில் இழுபட்டு அறுந்த நரம்பிழைகள் அதில் பெரும்பாலும் சிக்குவதில்லை. எம்.ஆர்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதுவும் எல்லாவற்றையும் காட்டாது. ஞாபகம், கவனம், கோபம் இவற்றையெல்லாம் ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுத்தான் சோதிக்க வேண்டும். 'நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்ற பொருளில் அறிக்கைகளின் அடியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். பிரதி தன் போதாமையைத் தானே ஒப்புக்கொள்கிற இடம் அது. வக்கீல் அந்த வரியை வாசிக்கவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் அருணா ஷான்பாக். 1973 நவம்பரில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கழுத்து நெரிக்கப்பட்டு மூளை சிதைந்த நர்ஸ். 2011இல் உச்சநீதிமன்றம் நியமித்த மூன்று மருத்துவர்களின் முன் சி.டி. படமும் இருந்தது, மூளை சுருங்கியிருந்தது. அதோடு நிற்காமல் படுக்கையருகே நின்று கவனித்தார்கள். கூட்டம் கூடினால் கலங்கினார், ஆள் குறைந்தால் அடங்கினார். மீன் சூப் கொடுத்தால் சிரிப்பார் என்றார்கள் பராமரித்தவர்கள். உணவை நிறுத்தி அவரைச் சாக விடும்படி பிங்கி விரானி கொடுத்த மனு தள்ளுபடியானது. 2015 மே வரை உயிரோடிருந்தார். அது சிரிப்புதானா, வெறும் தசையசைவா என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. ஆனாலும் முப்பத்தேழு வருஷம் சோறூட்டியவர்களின் வாசிப்பை ஒரு படம் ரத்து செய்துவிடவில்லை.

இதைச் சாக்கிட்டு எல்லா வாசிப்பும் சமம் என்று நம் நண்பர்கள் கிளம்பிவிட வேண்டாம். ஸ்கேனில் தெரிகிற பெரிய ரத்தக்கட்டி யாருடைய சொல்லாடலுக்கும் காத்திருக்காது. நான் கேட்பது வேறு. இழப்பு இல்லை என்று படம் சொல்லும்போது யார் சொல் சாட்சியாகிறது?

தீர்ப்பாயத்தில் அடுத்த வாய்தாவுக்கு நினைவாற்றல் சோதனை அறிக்கையோடு அத்தையையும் கூண்டில் ஏற்றுவதென்று முடிவாகியிருக்கிறது. "ஏத்துங்க, சொல்றேன்" என்கிறாள்.