13 ஆட்டம், 13 வெற்றி, ஐந்தாம் இடம்: ஃப்ளோரிடா ஸ்டேட்டின் 2023 சீசன்

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ப்ளேஆஃபுக்கான நான்கு அணிகளை 13 பேர் கொண்ட தேர்வுக்குழு அறிவித்தது: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாம் இடம். அந்த அணி அதுவரை ஆடியது 13 ஆட்டம், ஜெயித்ததும் 13. அதற்கு மேலே வைக்கப்பட்ட டெக்சஸும் அலபாமாவும் தலா ஒரு ஆட்டம் தோற்றவை. 2014 சீசனில் நான்கு அணி ப்ளேஆஃப் தொடங்கியதிலிருந்து, பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் தோல்வியே இல்லாமல் சாம்பியன் ஆன அணியை வெளியே நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

இந்த முடிவைத் திட்டி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் தொலைக்காட்சிப் பணம், பெரிய கான்ஃபரன்ஸ்களின் செல்வாக்கு, சதி என்ற ரீதியில். எனக்கு அந்தப் பக்கம் போகத் தேவையிருப்பதாகத் தோன்றவில்லை. சதி எதுவும் இல்லை, குழு நேர்மையாகத்தான் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் இது தப்பான முடிவு என்பதுதான் என் கட்சி.

முதலில், குழு எதற்கு? ஐ.பி.எல். மாதிரி ஒரே புள்ளிப் பட்டியல் இங்கே சாத்தியமில்லை. மேல்மட்டத்தில் மட்டும் 130-க்கு மேல் அணிகள். ஒவ்வொன்றும் ஆடுவது சுமார் 12 ஆட்டம், அதிலும் பெரும்பாலானவை தன் கான்ஃபரன்ஸுக்குள். ஒன்றோடொன்று மோதாத அணிகளை யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டே ஆக வேண்டும். அதனால் குழு இருப்பதில் எனக்குக் குறை இல்லை. அது எதை ஒப்பிட்டது என்பதில்தான் குறை.

சீசன் எப்படிப் போனது என்று பார்ப்போம். முதல் ஆட்டத்தில் எல்.எஸ்.யு. அணியை 45-24 என்று அடித்தார்கள். அந்த எல்.எஸ்.யு.வின் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ்தான் அந்த வருஷம் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். பிறகு க்ளெம்சனைக் கூடுதல் நேரத்தில் 31-24 என்று வென்றார்கள். நவம்பர் 18-ஆம் தேதி, நார்த் அலபாமா என்ற சின்ன அணியோடு ஆடும்போது, குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் உடைந்தது. பந்தை யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது என்று களத்தில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். அணியின் மூளை மாதிரி. அவர் விழுந்தபோது ஃப்ளோரிடா ஸ்டேட் 0-13 என்று பின்தங்கியிருந்தது. கடைசியில் 58-13 என்று ஜெயித்தது.

அடுத்த வாரம் மாற்று ஆட்டக்காரர் டேட் ரோட்மேக்கரை வைத்து, பரம வைரியான ஃப்ளோரிடாவை அவர்கள் மைதானத்திலேயே 24-15 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ரோட்மேக்கருக்குத் தலையில் அடிபட்டது. டிசம்பர் 2, கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். மூன்றாவது ஆளாக, முதலாண்டு மாணவர் ப்ராக் க்ளென் இறங்கினார். லூயிவில் அணியை 16-6 என்று வென்றார்கள். பார்க்க அழகான ஆட்டம் இல்லைதான். தாக்குதல் திக்கித் திணறியது, தடுப்பு அணிதான் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் தடுப்பு அணியும் அணிதானே?

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். அந்த இறுதி ஆட்டத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை தரவரிசையில் ஃப்ளோரிடா ஸ்டேட் நான்காம் இடம். டிராவிஸ் அப்போதே இல்லை. சனிக்கிழமை ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் இடம்! அலபாமா எட்டிலிருந்து நான்குக்கு வந்தது. முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்தியது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே அலபாமா செப்டம்பரில் தன் சொந்த மைதானத்தில் டெக்சஸிடம் 24-34 என்று தோற்றிருந்தது.

குழுத் தலைவர் பூ காரிகன் சொன்ன விளக்கத்தின் சாரம்: டிராவிஸ் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட் முதல் 11 வாரம் ஆடிய அணி அல்ல. இது அவர்களாக இட்டுக்கட்டியது இல்லை. விதியிலேயே இருக்கிறது. முக்கிய ஆட்டக்காரர் இல்லாமை சீசனில் அணியின் ஆட்டத்தைப் பாதித்திருக்கலாம், அல்லது இனி வரும் ஆட்டத்தைப் பாதிக்கலாம், இரண்டையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது விதி.

விமர்சனம் விழ வேண்டிய இடம் இந்த விதிதான். அதன் இரண்டு பாதிகளும் இரண்டு வேறு வேலை செய்கின்றன. முதல் பாதி நடந்ததைப் புரிந்துகொள்ள உதவுகிறது: ஆள் இல்லாததால் தோற்றார்கள், கொஞ்சம் மன்னிக்கலாம். இரண்டாம் பாதி ஜோசியம்: இனி தோற்பார்கள், இப்போதே கழித்துவிடலாம். முதல் பாதியின்படி பார்த்தால், மூன்றாவது குவாட்டர்பேக்கை வைத்துக் கோப்பை வென்ற அணிக்கு மதிப்பு கூட வேண்டும். இரண்டாம் பாதியின்படி குறைய வேண்டும். ஒரே காயம், இரண்டு எதிரெதிர் தீர்ப்பு. குழு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

ஜோசியம் பலிக்காது என்பதற்கு இதே ப்ளேஆஃபின் முதல் வருஷமே சாட்சி. 2014-ல் ஒஹாயோ ஸ்டேட்டும் மூன்றாவது குவாட்டர்பேக்கிடம் வந்து நின்றது. கார்டேல் ஜோன்ஸ் இறங்கி, கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று துவைத்தார்கள். குழு உள்ளே விட்டது. அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என்று வென்று சாம்பியன் ஆனார்கள். '59-0 எங்கே, 16-6 எங்கே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒஹாயோ ஸ்டேட் சீசனில் ஒரு தோல்வி கண்ட அணி. இது ஒன்றும் தோற்காத அணி.

இன்னொரு வாதம் ஆரஞ்ச் பௌல். டிசம்பர் 30-ல் ஜார்ஜியா இவர்களை 63-3 என்று நசுக்கியது. 'பார்த்தீர்களா, குழு சொன்னது சரி' என்றார்கள். அன்று ஃப்ளோரிடா ஸ்டேட் பக்கம் இரண்டு டஜனுக்கு மேல் ஆட்டக்காரர்கள் களத்திலேயே இல்லை. கோப்பைக்கு வழி அடைத்த பிறகு பலர் ஆடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கியது சரியா என்று தனியாக விவாதிக்கலாம். ஆனால் அந்த முடிவால் உருவான தோல்வியை அந்த முடிவுக்கே ஆதாரமாகக் காட்ட முடியாது.

நடுநிலை மைதானத்தில் அன்றைக்கு யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டால், நானும் அலபாமா என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அது பந்தயம் கட்டுபவர் கேட்க வேண்டிய கேள்வி. ஆட்டக்காரர்களிடம் ஆகஸ்ட் மாதம் சொல்லப்படுவது வேறு: ஜெயித்துக்கொண்டே இருங்கள், மிச்சம் தானாக வரும். அறிவிப்பு வந்ததும் டிராவிஸ் சமூக ஊடகத்தில் எழுதினார்: தன் கால் சீசனில் இன்னும் முன்னாடியே உடைந்திருக்கலாம், அப்போதாவது இந்த அணி ஒரு குவாட்டர்பேக்கைவிடப் பெரியது என்று தெரிந்திருக்கும். உடைந்த காலோடு ஒரு பையன் இப்படி நினைக்க நேர்ந்ததே, இந்த விதியின் மேல் என் முதல் குற்றச்சாட்டு அதுதான்.

2024-ல் ப்ளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது. தரவரிசையில் முன்னால் இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு அப்போது இடம் உறுதி செய்யப்பட்டது. இனி 13-0 சாம்பியன் வெளியே நிற்க வழியில்லை, சந்தோஷம். ஆனால் மிச்ச இடங்களுக்கு யார் என்று முடிவு செய்ய அதே மாதிரி ஒரு குழுதான் உட்காருகிறது. காயத்தைக் கணக்கில் எடுக்கட்டும், நடந்து முடிந்த ஆட்டங்களைப் புரிந்துகொள்ள மட்டும். நடக்காத ஆட்டத்தில் யார் தோற்பார்கள் என்பதை ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.